பாய்லர்காரர் முழங்காலைத் தொட்டுப் பார்த்த கதை

ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட நீள அறையில் அவர் முப்பத்தோரு வருஷம் பாய்லர் ஓட்டினார். ஓட்டினார் என்றால் அது எங்கும் போய்விடவில்லை. வைத்த இடத்தில் இருந்தபடியே தண்ணீரை ஆவியாக்கி, விரிப்புகளைத் துவைக்கவும் தேய்க்கவும் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆனாலும் பாய்லரை 'ஓட்டுவது' என்றுதான் சொல்ல வேண்டும். 'எரிக்கிறது' என்று யாராவது வாய்தவறிச் சொன்னால், "எரிக்கிறதுக்கு அது என்ன குப்பையா?" என்று சண்டைக்கு வந்துவிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்தோடு சரி. ஆஸ்பத்திரிக்கும் தெருவுக்கும் அவர் பாய்லர்காரர்.

அவருடைய சொத்து வலது கை. பம்ப் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு நிமிஷம் நிற்பார். கை தாங்கினால் ஓடலாம், தாங்காவிட்டால் நிறுத்து. இதுதான் சட்டம். ஒருமுறை எல்லா மீட்டரும் ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தபோதே, "பேரிங் போகப் போகுது, நிறுத்துங்க" என்று கத்தினார். புது இன்ஜினியர் சிரித்தார். கழற்றிப் பார்த்தால் உள்ளே குண்டுகள் தேய்ந்து வழவழத்துக் கிடந்தன. சிரித்த வாய் மூடிக்கொண்டது. அன்றிலிருந்து சூட்டு விஷயத்தில் அவரை எதிர்த்துப் பேச ஆளில்லை. அப்படி ஆளில்லாமல் போனதுதான் பின்னால் வந்த வினைக்கெல்லாம் காரணம் என்பது அவர் மனைவியின் கருத்து.

மனைவியைச் சுற்றுவட்டாரம் ஜிப் அக்கா என்று அழைக்கும். மூன்றாவது மாடி வீட்டு ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு, ஜிப் மாற்றுவார், பேண்ட் நீளம் குறைப்பார், இளைத்தவர்களுக்குப் பிடித்தும் பருத்தவர்களுக்கு விட்டும் கொடுப்பார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதனால் வாடிக்கையாளர்கள் மேலே வருவதில்லை. ஜன்னலிலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கும், துணி ஏறும். அக்கா மேலேயிருந்து "வியாழக்கிழமை வாங்க!" என்று தேதி சொல்வார். நாலு தெருவில் யாருக்கு இந்த வருஷம் எத்தனை அங்குலம் தொப்பை கூடியது என்பது அவருக்கு அத்துப்படி. யாரிடமும் சொன்னதில்லை.

அறுபத்தைந்தாவது வயதில் பாய்லர்காரருக்கு வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "மூட்டுத் தேய்மானம்" என்றார். நடைப்பயிற்சி செய்யுங்கள், தொடை வலுவாகட்டும் என்றும் சொன்னார். ஆனால் தேய்மானம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு வேறெதுவும் பாய்லர்காரர் காதில் ஏறவில்லை. தேய்மானம் என்றால் என்னவென்று இவருக்கா தெரியாது? தேய்ந்த பேரிங்கை எவ்வளவு குறைவாக ஓட்டுகிறோமோ அவ்வளவு நாள் வரும். வீட்டுக்கு வந்ததும் பழைய பழக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டார். நேரம், சூடு, நிலை. மாலை நடந்துவிட்டு வருவார், நாற்காலியில் உட்காருவார், முழங்காலில் கையை வைத்து ரெண்டு நிமிஷம் கண்ணை மூடுவார். பிறகு எழுதுவார்: "மாலை ஆறு. நல்ல சூடு. நிறுத்தம்."

மறுநாள் பாதித் தூரம் நடந்தார். அன்றும் சூடு. அடுத்த வாரம் தெருமுனை வரை. பிறகு கட்டடத்து வாசல் வரை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை ஆறு மாதத்தில் நாற்காலியை விட்டே இறங்கவில்லை. அப்படியும் வலி குறைந்ததா என்றால் கூடித்தான் போயிற்று. ஐம்பத்து நாலு படி ஏற நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"டாக்டர் நடக்கச் சொன்னாரே?" என்றார் ஜிப் அக்கா.

"டாக்டருக்கு எலும்பு தெரியும். சூடு எனக்குத் தெரியும்."

"சரிதான். பேரிங் மாத்தணும்னா சொல்லுங்க, வெளியூர்லேருந்து வரவழைப்போம்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதர். அதில் ஒரு காலில் மூட்டு வலி வேறு.

வெளியூரிலிருந்து பேரிங் வரவில்லை, மகள் வந்தாள். அப்பா படியேறி வருவதை மாடியிலிருந்து பார்த்தாள். அவர் நாலாவது தடவை நின்றபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகையை அதட்டலாக மாற்றிக்கொள்வதில் அவள் அப்பாவைக் கொண்டவள்.

"போதும்பா. எங்க வீட்டுல கீழ் ரூம் காலியா இருக்கு. படியே கிடையாது. ரெண்டு பேரும் கிளம்புங்க."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்."

"அப்போ ஏறிக் காட்டுங்க. ரெண்டு மாசம் டைம். கடைசி ஞாயித்துக்கிழமை வருவேன். நடுவுல எங்கேயும் நிக்காம மூணு மாடி ஏறினா நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா லாரியைச் சொல்லிடுவேன்."

பாய்லர்காரர் வீறாப்பாக "சரி" என்றார். உள்ளுக்குள் அவருக்குப் பெரிய வருத்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். படியில்லாத வீடு, தேய்மானமில்லாத வாழ்க்கை. தன் சம்மதம் கொஞ்சம் முறைப்பாக இருந்தால் போதும் என்று நினைத்தார்.

அந்த நினைப்பு மூன்று நாள்தான் நின்றது. கீழேயிருந்து பேக்கரிக்காரர் குரல் கொடுத்தார். "அக்கா, கோட்டு ஒண்ணு இருக்கு. மெதுவாத் தந்தா போதும். ரெண்டு மாசம் கழிச்சுக்கூடப் பரவாயில்ல!"

ஜிப் அக்கா ஜன்னலில் நின்றார். கூடையின் கயிறு கையில் இருந்தது. "ரெண்டு மாசம் தள்ளியெல்லாம் இப்போ தேதி சொல்ல முடியாதுங்க. வேற ஆள் பாத்துக்கோங்க" என்றார். கூடை இறங்காமலே ஜன்னல் சாத்தப்பட்டது. பிறகு அவர் மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மெஷினைத் துடைத்தார். இரண்டு தடவை துடைத்தார்.

நாற்காலியிலிருந்து பாய்லர்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் தேதி சொல்ல முடியாது என்று அவர் வாயிலிருந்து வந்து இவர் கேட்டதே இல்லை. மகள் ஊரில் எந்தத் தெருவுக்கு எந்தத் தொப்பை என்று அக்காவுக்கு என்ன தெரியும்? அங்கே தரைத்தளம். கூடைக்கு வேலையே இல்லை. தன் ஒரு முழங்காலுக்காக ஒரு முழு மனுஷியை வேரோடு பிடுங்கப் பார்த்தோமே என்று அவருக்குப் பட்டது. ஏறியே தீர வேண்டும் என்று அப்போது முடிவு செய்தார். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி ஆஸ்பத்திரியிலிருந்தே வந்தது. மூட்டுத் தேய்மானம் உள்ள வயதானவர்கள் உடற்பயிற்சி செய்யும்போது தோலின் சூடு எப்படி மாறுகிறது என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம், ஆட்கள் தேவையாம். சீட்டைக் கொண்டுவந்து நீட்டினவர் ஜிப் அக்காதான்.

"கேமரா வச்சு சூட்டைப் படம் பிடிக்கறாங்களாம்" என்றார்.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு?"

"உங்க கை சொல்றதை மெஷினும் சொல்லிட்டா உங்களுக்குத்தானே பெருமை?"

பெருமை என்ற தூண்டிலில் அவர் சிக்கினார். ஆனால் போகிற நாள் காலையில் பயம் பிடித்துக்கொண்டது. பயிற்சி முடிந்து முழங்கால் சூடாகத் தெரிந்தால்? அதைச் சீட்டில் எழுதி, சீட்டு மகள் கைக்குப் போய்விட்டால்? லாரிதான். அவர் ஃபிரிட்ஜைத் திறந்தார். மேல்தட்டில் கல்லாக உறைந்த பட்டாணி பாக்கெட் ஒன்று இருந்தது. அதைத் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, துண்டைப் பிரித்து, கால் மணி நேரம் பட்டாணியை முழங்காலில் அழுத்தி வைத்திருந்தார். முழங்கால் மரத்துவிட்டது. மனம் குளிர்ந்தது.

ஆராய்ச்சி அறையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அவரை அரைக்கால் சட்டையில் உட்காரவைத்து, கேமராவைத் திருப்பி, திரையைப் பார்த்தாள். திரையில் அவர் கால் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஜொலித்தது. முழங்காலில் மட்டும் கருநீலமாக ஒரு சதுரம். சதுரத்துக்குள் புள்ளி புள்ளியாக உருண்டைகள்.

அவள் சற்று நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சார், பட்டாணியா?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல அவர் விழித்தார். "அது… வீட்டுக்கு வாங்கினது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாது சார். உங்க கால் எப்படி இருக்கோ அப்படியே இருந்தாத்தான் எனக்கு வேலை. தைலம், ஐஸ், காபி எதுவும் கூடாதுன்னு சீட்டுலயே போட்டிருக்கே. நாளைக்கு வாங்க. பட்டாணியைக் கூட்டிட்டு வராதீங்க."

வீட்டுக்கு வந்தால் ஜிப் அக்கா ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். மறைத்துப் பயனில்லை என்று பாய்லர்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அக்கா மெஷின் மேல் தலையை வைத்துச் சிரித்தார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற ஆளைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். பட்டாணியை முழங்கால்ல மறைச்ச ஆளை இப்பத்தான் பாக்கறேன்!"

மறுநாள் ஒழுங்காகப் போனார். அறைச் சூட்டுக்கு உடம்பு பழக வேண்டும், இருபது நிமிஷம் சும்மா இருங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். சும்மா இருப்பது அவ்வளவு சுலபமா? கொஞ்ச நேரத்தில் அவர் கை தானாக முழங்காலுக்குப் போயிற்று. கண்ணை மூடினார். ரெண்டு நிமிஷம். வெதுவெதுப்பு. கையை எடுத்துக்கொண்டார்.

அவள் வந்து கேமராவைத் திருப்பினாள். இந்த முறை திரையில் நீலம் இல்லை. முழங்காலின் மேல் பளிச்சென்று ஒரு கை இருந்தது. உள்ளங்கை, நாலு விரல், பக்கத்தில் கட்டைவிரல். சுண்ணாம்பு தொட்டுச் சுவரில் பதித்த மாதிரி அச்சு அசலாக இருந்தது.

"இது யாரு கை சார்?"

பாய்லர்காரர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"நான் சூடு பார்த்தேன்மா."

"பார்க்கல சார், வச்சிட்டு வந்திருக்கீங்க. உங்க கைச்சூடு தோல்ல ஏறியிருக்கு. இரும்பைத் தொட்டா இரும்பு கண்டுக்காது. தோல் அப்படி இல்லையே."

ஆறு மாதம், நாள் தவறாமல், நோட்டு முழுக்க எழுதியது அவருக்கு நினைவுக்கு வந்தது. அதில் எவ்வளவு முழங்காலின் சூடு, எவ்வளவு தன் கையின் சூடு? வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் கையைச் சந்தேகித்தார். பெண்டாட்டியைக்கூட அவர் அப்படி நம்பியதில்லை. நம்பியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

இன்னும் இருபது நிமிஷம், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அந்தப் பெண் அவரை நகராத சைக்கிளில் ஏற்றினாள். மெதுவாக மிதிக்கச் சொன்னாள். சில நிமிஷத்தில் திரையில் முழங்காலின் நிறம் மங்கத் தொடங்கியது.

"குறையுது பாரும்மா! சூடு குறையுது!" என்று சைக்கிளிலேயே குதித்தார்.

"தொடைத் தசை வேலை செய்யுது இல்ல, ரத்தம் அங்க ஓடுது. தோலுக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அவ்வளவுதான். மிதிங்க."

பதினைந்து நிமிஷம் மிதித்து இறங்கி உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் போனது, பத்து போனது. முழங்கால் மெல்ல மெல்ல ஆரஞ்சாகி, முதலில் இருந்ததைவிடப் பிரகாசமாக நின்றது. அவர் முகம் தொங்கிவிட்டது. "போச்சு" என்றார்.

"என்ன போச்சு?"

"சூடாயிடுச்சே. நிறுத்தணும்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அவர் தேய்மானம், பேரிங், கை தாங்கினால் ஓடலாம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல, மகள், லாரி, கூடை எல்லாமே வந்துவிட்டன. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சார், நீங்க உழைச்சீங்க. உள்ள உண்டான சூட்டை உடம்பு தோல் வழியா வெளியே அனுப்புது. உங்க வலிக்கால் மட்டும் இல்ல, நல்ல காலும் அப்படித்தான் ஆகியிருக்கு, பாருங்க. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வீங்கி, சிவந்து, கொதிச்சா அது வேற. உடனே டாக்டர்கிட்ட வாங்க. நடந்துட்டு வந்து வெதுவெதுன்னு இருந்தா, அது ஓடின இயந்திரம் சார்."

திரையில் இரண்டு முழங்கால்களும் ஒரே மாதிரி ஆரஞ்சாக இருந்தன. பாய்லர்காரர் வெகுநேரம் பார்த்தார். ஓடுகிற பாய்லர் சூடாகத்தான் இருக்கும். சூடாக இல்லாவிட்டால்தான் ஆட்கள் ஓடி வருவார்கள். குளிர்ந்து கிடக்கும் பாய்லரை ஒரேயடியாக ஏற்றக் கூடாது, படிப்படியாக ஏற்ற வேண்டும். இறக்குவதும் அப்படியே. மாசக்கணக்கில் மூடிவைத்தால் உள்ளுக்குள் துரு பிடிக்கும். இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பேரிங்குன்னு நினைச்சேம்மா" என்றார் கடைசியில். "பாய்லரா இருந்திருக்கு."

அன்று மாலையே பக்கத்து அறை பிசியோதெரபிஸ்ட்டிடம் பயிற்சிச் சீட்டு வாங்கிக்கொண்டார். முதல் வாரம் தெருமுனை. அடுத்த வாரம் பேக்கரி. உட்கார்ந்து எழுவது பத்து, பிறகு பதினைந்து. வலி விட்டுப் போய்விடவில்லை, கூடவே வந்தது. ஆனால் நாய்க்குட்டி மாதிரி பின்னால் வந்ததே தவிர, முன்னால் வந்து மறிக்கவில்லை. முழங்காலைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் சுலபத்தில் விட முடியவில்லை. கை பாட்டுக்குப் போகும். ஜிப் அக்கா மெஷினிலிருந்து தலை நிமிராமல் "கை!" என்பார். கை திரும்பிவிடும்.

கடைசி ஞாயிறு வந்தது. மகளும் வந்தாள். பாய்லர்காரர் உடனே படியேறவில்லை. கட்டடத்தை மெதுவாக மூன்று சுற்று நடந்தார். "எதுக்குப்பா, ஏறறதுக்கு முன்னாடியே களைச்சுப் போறதுக்கா?" என்றாள் மகள்.

"ஆவி ஏத்தறேன்" என்றார்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். மகள் பின்னால் எண்ணிக்கொண்டே வந்தாள். பதினெட்டு, முதல் மாடி. முப்பத்தாறு, இரண்டாவது மாடி. முழங்கால் முணுமுணுத்தது. நாற்பத்தொன்றாவது படியில் வினை வந்தது. மேல்வீட்டுத் தம்பதி இரட்டை மெத்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு எதிரே இறங்கினார்கள். படி முழுக்க மெத்தை. போக வழியில்லை.

"அப்பா, நிக்கறீங்க!" என்றாள் மகள்.

"யாரு நிக்கறா?" பாய்லர்காரர் அந்தப் படியிலேயே இடது, வலது, இடது, வலது என்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். "நடந்துக்கிட்டிருக்கேன். மேல போகல, அவ்வளவுதான்."

"அது கள்ளாட்டம்!"

"நிக்காம ஏறணும்னுதானே சொன்ன? எங்க நின்னேன்? நீயே பாத்துச் சொல்லுப்பா" என்று மெத்தைக்காரரையே சாட்சிக்கு இழுத்தார். மெத்தைக்குப் பின்னாலிருந்து, "கால் ஓடுது, நான் பாத்தேன்" என்று ஒரு குரல் வந்தது. மகளுக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மெத்தை சுவரோடு ஒட்டி நகர்ந்தது. நாற்பத்திரண்டு. நாற்பத்தெட்டு. மூச்சு இரைத்தது. ஐம்பத்து நாலு. ஜிப் அக்கா கதவைத் திறந்து வைத்திருந்தார். பாய்லர்காரர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கம்போல் கை முழங்காலை நோக்கிப் போனது. பாதி வழியில் அவரே அதை நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டார்.

மகள் குனிந்து முழங்காலைத் தொட்டாள். அப்பாவைக் கொண்டவள் அல்லவா. "ஐயோ அப்பா, சூடா இருக்கே!" என்றாள் பதறி.

ஜிப் அக்கா அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்து எழுதினார். "நேரம் எழுதியாச்சு. சூடும் எழுதியாச்சு. நிலைக்கு என்னங்க எழுத?"

பாய்லர்காரருக்கு இன்னும் மூச்சு முழுசாகத் திரும்பவில்லை. "ஓட்டத்தில்" என்றார். "ஓட்டத்தில்னு எழுது."

அக்கா எழுதினார். எழுதிய எழுத்து கொஞ்சம் கோணிப் போயிற்று. மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கீழேயிருந்து பேக்கரிக்காரரின் குரல் கேட்டது. வேறு ஆள் யாரும் அவருக்குக் கிடைக்கவில்லை போலும்.

"அக்கா! அந்தக் கோட்டு இன்னும் அப்படியே இருக்கு!"

ஜிப் அக்கா மகளையும் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போய்க் கதவைத் திறந்து, கூடையை இறக்கினார்.

"போடுங்க!" என்று கத்தினார். "அடுத்த மாசம் ஏழாம் தேதி வாங்க!"